கரையாததே வேண்டும் என்று நின்றேன்

நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு முகவாதம் வந்தது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாயில் ஒழுகியது. அப்படித்தான் தெரிந்துகொண்டோம். மாத்திரை, பயிற்சி என்று சில மாதங்களில் வாய் நேரானது. ஆனால் இடது கன்னம் வற்றிப்போனது. மூக்கோரத்திலிருந்து கடைவாய் வரை ஒரு கோடு வாய்க்கால் போல ஆழமாக விழுந்தது. அதன்பின் அவள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. புத்தூரில் அவளுடைய அண்ணன் வீடு கட்டிக் குடிபோனபோதுகூட, தலைவலி என்று சொல்லி என்னைத் தனியாக அனுப்பிவிட்டாள்.

சித்தூரில் இருக்கும் அவள் தங்கைதான் போனில் சொன்னாள். திருப்பதியில் ஒரு டாக்டரம்மா ஊசியாலேயே கன்னத்தை நிரப்பி, கோட்டை மறைக்கிறாராம். என் மனைவி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, "வரியா இல்லியா? நீ வரலன்னா நான் தனியாப் போறேன்" என்றாள். போனேன்.

நான் நகரியில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவள் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா இளவயது. தெலுங்கில் ஆரம்பித்து, நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு வந்தார்.

"மூணு ரகம் இருக்கும்மா. ஒண்ணு ஜெல். ஒரு வருஷம் போல இருக்கும், அப்புறம் தானா கரைஞ்சிடும். வேணாம்னா நடுவுலயே வேற ஊசி போட்டு நான் கரைச்சிடலாம். ரெண்டாவது சுண்ணாம்புச் சத்து கலந்தது. இன்னும் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். ஆனா அதைக் கரைக்க மருந்து லேது, கெடையாது. மூணாவது, உங்க வயித்துக் கொழுப்பையே எடுத்துக் கன்னத்துல வைக்கிறது."

"அது இவர்கிட்ட நெறைய கீது டாக்டரம்மா. இவருதுல எடுக்க முடியாதா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

பேசி முடிவு செய்யச் சொல்லி எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். என் மனதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பட்டறையில் நாங்கள் ஒரே ஒரு சோதனைதான் வைப்போம். நூலை வெந்நீரில் போட்டுக் கசக்குவோம். சாயம் கரைந்தால் மட்டம், கரையாவிட்டால் உசத்தி. இருபத்தைந்து வருடமாக அதைத் தவிர வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

"ரெண்டாவதே போட்டுக்கோ. கரையறத எவனாவது போட்டுக்குவானா?"

"நான் இன்னா துணியாயா?"

"நல்லதுக்குச் சொல்றேன்."

"புடிக்கலன்னா எடுத்துடலாம்னு அந்தம்மாவே சொல்லுது. ஒன்னக் கட்டிக்கினப்போ இப்பிடி ஒரு வழி சொன்னாங்களா? இதாவது கழட்டுற மாதிரி இருக்கட்டும்."

பக்கத்து நாற்காலிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நேரம் நர்ஸ் காகிதத்தோடு வந்து எது என்று கேட்க, அவள் சொல்வதற்குள் நான் "ரெண்டோதி" என்று தெலுங்கில் இரண்டாவதைச் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டார். காகிதம் முழுக்கத் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். படிக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு, தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னா எழுதனீங்கோ?" என்று அவள் நர்ஸிடம் கேட்டாள். அவர் சொன்னார். "அது அவரு மூஞ்சிக்கு. எனக்கு மொதலாவது. வேற காகிதம் எடும்மா."

எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் ஒரு முக்காலியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊசி போட அதிக நேரம் ஆகவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தார். கன்னம் மேடேறியிருந்தது. கோடு பாதிக்கு மேல் காணவில்லை. அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போனார்.

அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம், மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் தோல் வெளுத்திருந்தது. வீக்கத்தின் வெளுப்பு வேறு. இது சாம்பல் அப்பியதைப் போல இருந்தது.

நர்ஸிடம் அந்த இடத்தைக் கைகாட்டினேன். "ஏம் காதண்ணா, ஒண்ணும் ஆகாது. ஊசி போட்டா அப்படித்தான்" என்றார். உட்கார்ந்தேன். மறுபடி பார்த்தேன். வெளுப்பின் ஓரத்தில் வலை பின்னியது போல ஊதாக் கோடுகள் தெரிந்தன. அது மூக்கின் மடல் வரை ஏறியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லியே. மரத்துக் கீது. இன்னா அப்பிடிப் பாக்கற?"

எழுந்தேன். அடுத்த அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. ஒரு பெண் படுத்திருக்கும் அறையை நான் எப்படித் திறப்பது? கையைத் தூக்கி இறக்கினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது, ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு தட்டினேன். பதில் வருமுன் திறந்துவிட்டேன்.

"நெறம் சரியில்ல" என்றேன். அவள் படுத்திருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. வலது பக்கம் அழுத்தினார். அங்கே உடனே ரத்தம் திரும்பியது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நர்ஸிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொல்ல, குளிர்பெட்டியிலிருந்து ஒரு சிறு குப்பி வந்தது.

"ஜெல் ஒரு ரத்தக் குழாயை அடைச்சிருக்கும்மா. கரைக்கிறேன். பயப்படாதீங்க."

"கரைக்கலன்னா?" என்றேன்.

"தோல் செத்துடும்."

என் மனைவி கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். தலைமாட்டில் எனக்கு இடமில்லை. கால்மாட்டில் நின்று அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுத வைத்த காகிதம் அப்படியே இருந்திருந்தால் இந்தக் குப்பி மருந்து உதவியிருக்காது. வேறு ஏதாவது செய்து பார்த்திருப்பார்கள். அது போதுமா என்று யாருக்குத் தெரியும்?

ஊசி போட்டுத் தேய்த்தார்கள். வெந்நீரில் நனைத்த துணியை வைத்தார்கள். அழுத்திப் பார்த்தார்கள். ரத்தம் திரும்பவில்லை. மறுபடி ஊசி. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. டாக்டரம்மா மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ விரலை எடுத்தபோது, வெளுப்பின் அடியிலிருந்து மெல்லச் சிவப்பு ஊறியது. அவர் இன்னொரு முறை அழுத்தினார். இன்னும் சீக்கிரம் ஊறியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடும் கரைந்துவிட்டது. கோடு பழையபடி.

இரண்டு நாள் தொடர்ந்து போய்க் காட்டினோம். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வாசலில் அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பேன். மூன்றாம் நாள், "நான் சொன்னதப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் போடலியே. பேசாம அழுத்திப் பாரு."

மூக்கோரத்தில் சிறு கருமை மட்டும் மிச்சம். அதுவும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அதே ஜெல், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தடவையாக. வேண்டாமே என்றேன்.

"அந்தப் பத்து நிமிசம் கண்ணாடில பாத்தேன் பாரு, நல்லாத்தான் இருந்தன்" என்றாள்.

வரும் வியாழக்கிழமை போகிறோம். பட்டறையில் லீவு சொல்லிவிட்டேன்.