மேலப் படித்துறை, கீழப் படித்துறை

சந்தன சோப்பு வாசனை எங்களுக்கு ஓசியில் வந்தது. கோடையில் தாமிரபரணி ஒடுங்கி ஓரமாக ஓடும்போது, மேலத்தெருப் பெண்கள் ‘மேலப் படித்துறை’யில் தேய்த்துக் குளித்த நுரை பைய மிதந்து, நாணல் புதரைச் சுற்றி, கீழத்தெருக்காரர்களான எங்கள் ‘கீழப் படித்துறை’க்கு வந்து சேரும். நானும் தங்கை செல்வியும் அதைக் கையில் அள்ளி மோந்து பார்ப்போம். அவர்கள் உடம்பு அழுக்கைத்தான் மோந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். வயலும் வாழையும் மேலத்தெருவுக்கு. அதில் குனிவது எங்களுக்கு. ஆற்றில் யார் எங்கே இறங்கவேண்டும் என்று பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஒரு கோடையில் செல்விக்குக் கால் முழுக்கச் சிரங்கு. நல்ல தண்ணீரில் கழுவினால்தான் ஆறும், இல்லையென்றால் புரையோடிவிடும் என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லிவிட்டார். அம்மா, தான் களை பறிக்கிற வயலுக்குச் சொந்தக்கார ஆச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“புள்ளைய மட்டும் மேலப் படித்துறையில கழுவிக்கிடுதேன் ஆச்சி. வெயில் ஏறி, ஆளுக போன பொறவு.”

ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: “ஏட்டி, ஆறு ஒண்ணுதான? இங்கன ஓடுத தண்ணிதான அங்கனயும் ஓடுது. அங்கனயே கழுவு.”

அந்த ஞாயத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆறு ஒன்றுதான் என்றால் அவள் கீழே வந்து குளித்திருக்கலாமே.

அம்மா திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் மணலில் ‘ஊத்து’ தோண்டினாள். ஆற்று மணலில் முழங்கை ஆழம் கிளறினால் தெளிந்த தண்ணீர் சுரக்கும். அதைச் சிரட்டையால் கோரிக் கோரிச் செல்வி காலில் ஊற்றினாள். சிரங்கு காய ஆரம்பித்தது. அதற்குள் ஆறு இன்னும் வற்றி மேலப் படித்துறைத் தண்ணீரும் கலங்கிப்போக, ஒரு காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது ஊத்தைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டிருந்தது. உள்ளே ஆச்சி வீட்டுக் குடம். முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்களாம், தீட்டுப் போய்விட்டதாம். அம்மா கை அவர்களுக்கு ஆகாது. அம்மா கை தோண்டிய குழி ஆகும்.

அம்மா கீழே தள்ளி இன்னொன்று தோண்டினாள். அதில் சுரந்தது மங்கல் தண்ணீர். சிரங்கு மறுபடி உடைந்து, புரையோடி, எலும்பு வரை போனது. செல்வி பிழைத்தாள். இடது கால் வளர்த்தி நின்றுபோனது. விந்தித்தான் நடக்கிறாள்.

வளர்ந்தபின் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அங்கே எனக்குத் தட்டு தனி, தம்ளர் தனி, கக்கூஸ் தனி. நீ வேலைக்காரி, அது உன் இடம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று கதை விடவில்லை. பிறகு சிங்கப்பூர். அங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரையும் அரசாங்கமே ஒரே அடுக்குமாடியில் கலந்து குடிவைத்திருக்கிறது. மனசு கலந்ததா என்றால் இல்லை. இந்தியருக்கு வாடகைக்கு விடமாட்டேன் என்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் லிப்ட் ஒன்று. மூக்கைச் சுளிப்பவர் அதே லிப்டுக்குள் நின்றுதான் சுளிக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அந்தச் சிரமம்கூட இருந்ததில்லை.

இப்போது நானும் செல்வியும் வண்ணார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறோம். போன மாதம் ஆச்சியின் பேரன் வந்தான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. திருச்செந்தூரில் மகளுக்கு மொட்டை போட்டுவிட்டுத் திரும்புகிற வழி. நான் அவன் ஊர்க்காரி, வெளிநாடு பார்த்தவள் என்று தெரிந்ததும் அக்கா என்றான். அந்த வீட்டு ஆள் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

“அங்க கலர் பாக்கான்வ அக்கா. நீச்சல் குளத்துல எம்புள்ள இறங்குனா, ஒரு வெள்ளக்காரி அவ புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போறா. நாங்க எப்பேர்ப்பட்ட குடும்பம். எங்களையும் அந்தக் கறுப்பன்களோட சேத்துல்லா வைக்கான்வ.”

கண் கலங்கியிருந்தது. மகளுக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். ஒதுக்கியதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். யாரோடு சேர்த்து ஒதுக்கினார்கள் என்பதற்குத்தான் அந்தக் கண்ணீர். அமெரிக்கா வரை போயும் வீட்டுச் சொத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

செல்வி விந்தி வந்து அவன் இலையில் சாம்பார் ஊற்றினாள்.

“தம்பி, புள்ளைக்குக் கை காலுல ஒண்ணும் இல்லல்லா?”

“இல்ல. ஏன்க்கா?”

“அப்பம் சரி. சாப்பிடுங்க.”

அவனுக்குப் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

ஆற்றில் மணல் இல்லை. லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. இனி யாரும் அங்கே ஊத்துத் தோண்ட முடியாது. வீட்டுக்கு வீடு மோட்டார், குளியலறை. படித்துறை இரண்டும் ஆகாயத்தாமரைக்குள் மூடிக் கிடக்கின்றன. எது மேல, எது கீழ என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளையைக் கேளுங்கள், கையை நீட்டிக் காட்டும்.