பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்

அன்னூர் பஸ்ஸில் இன்று வசமாக மாட்டிக்கொண்டேன்.

மடியில் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க ராமாத்தம்மா மகதானுங்க?"

ராமாத்தாள் என் அம்மா. போன வருஷம் தவறிவிட்டார்.

"எங்கூட்டு விசேசம் ஒண்ணு உடமாட்டாங்க. வந்ததும் சேலையை இழுத்துச் சொருகிட்டு நேரா அடுப்படிக்குத்தான் போவாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவர் யார்? அத்தை முறையா, சின்னம்மா முறையா? மாற்றிக் கூப்பிட்டால் கல்யாணம் முடிந்தும் அதுதான் பேச்சாக இருக்கும். பத்திரிகை வைக்காமல் இறங்கவும் முடியாது. சொந்தம் அத்தனையையும் அம்மா மனதில்தான் வைத்திருந்தார். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஒரு பத்திரிகையை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். பேர் தெரியாமல் கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் சிரித்தார். "குடுங்க கண்ணு, நானே எழுதிக்கறேன். உங்கம்மாவும் பேனாவ எங்கிட்டயேதான் குடுப்பாங்க. 'உங்க பேர நீங்களே எழுதுனாத்தான் தட்டாம வருவீங்க'ம்பாங்க."

அம்மாவின் ஞாபகசக்தியை ஊரே மெச்சும். இன்றைக்குத்தான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

எழுதியதை நான் எட்டிப் பார்ப்பதற்குள் பைக்குள் வைத்துக்கொண்டு, "கட்டாயம் வாரேனுங்க" என்று இறங்கிப் போய்விட்டார். பேனாவும் போய்விட்டது.

பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. இதையெல்லாம் அம்மாவிடம்தான் கேட்பேன். இப்போது உங்களிடம் கேட்கிறேன். மண்டப வாசலில் இவரை நான் என்னவென்று கூப்பிட?