சுவிட்சில் தொங்கும் டேக்கு

அத்தை வீட்டுக் கூடத்தில், கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில், சுவிட்ச் போர்டின் மேல் ஒரு தகர டேக்கு தொங்குகிறது. உள்ளங்கை அளவு இருக்கும். சிவப்புப் பெயின்ட் உரிந்து, ஆள் வேலை செய்கிறார், தொடாதே என்ற ஆங்கில எழுத்துகளில் பாதி போய்விட்டது. கீழே ஆணியால் கீறிய எண் மட்டும் தெளிவாக இருக்கிறது. அது ஃபோர்மேன் மாமாவின் எண். புதிதாக வருகிறவர்கள் ஏதோ தாயத்து என்று நினைத்துப் பயபக்தியோடு பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது அப்படியில்லை. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

மாமா எனக்குச் சொந்தமில்லை. எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். மைனில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்ததால் லைன் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். பூமிக்கடியில் மோட்டாரில் கை வைக்கிறவன் முதலில் மெயினை அணைத்து அங்கே தன் டேக்கை மாட்ட வேண்டும். மாட்டியவனைத் தவிர வேறு யாரும், மேலதிகாரியே வந்தாலும், அதைத் தொடக்கூடாது. ஒரே ஒரு விலக்கு: மாட்டியவனுக்கு உடம்புக்கு முடியாமல் வேறொருவன் வேலையை முடித்தால், டேக்கை எடுத்துப்போய் மாட்டியவன் கையிலேயே கொடுக்க வேண்டும். கை சேராத டேக்கு என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். மைனை மூடி எத்தனையோ வருடம் ஆகியும் மாமா இந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் ஃபேனைத் துடைக்கும்போதுகூட டேக்கு மாட்டுவார். அத்தை, "சட்டினி அரைக்கணும், உங்க மைனை கொஞ்சம் மூடுங்க" என்று மிக்சி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டரில் வீடியோ காலில் வருவாள், பேத்தியோடு. மாமாவுக்குக் கண்ணில் பிரஷர். செல்போனில் முகம் தெரியாது, மூக்கு ஒன்றுதான் தெரிகிறது என்பார். அதனால் அந்தப் பெரிய திரைதான் அவருக்கு மகள். வாரம் முழுவதும் துணி போட்டு மூடி வைத்து, ஞாயிறு காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மகளின் சின்ன வயதுப் படங்கள், கல்யாணப் படங்கள், பேத்தி பிறந்த நாளிலிருந்து அனுப்பிய படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, இந்தப் பழைய சிஸ்டத்தில் இனி வீடியோ கால் ஓடாது, அப்டேட் செய்யுங்கள் என்று திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. மாமா கலங்கிப்போனார். நான் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் ஹெல்ப் டெஸ்க்கில் வேலை செய்கிறவள். ஊர்பேர் தெரியாதவர்களின் கம்ப்யூட்டரை நாள் முழுக்கப் போனிலேயே சரிசெய்கிறவள். எனக்கு இது ஜுஜுபி. சனிக்கிழமை உட்கார்ந்து செய்து தருகிறேன் என்றேன். சனிக்கிழமை டியூட்டி போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் ரயிலுக்குப் போகிற வழியில் அவர் வீட்டில் நுழைந்தேன்.

முதலில் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும். அதை நான் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறேன். டிஸ்க் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. போய் எடுத்து வந்தால் ரயில் போய்விடும். மாமா பக்கத்தில் நின்று, "தப்பா பூட்டா திரும்பி வர்றதுக்கு வழி வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். பூமிக்கடியில் முப்பது வருடம் இருந்த மனுஷன் கேட்கிற கேள்வி அது. நான் பட்டனை அழுத்திவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாமா. நூறு வர்ற வரைக்கும் இன்னா ஆனாலும் ஆஃப் பண்ணாதீங்க. நடுவுல நின்னா உள்ள இருக்கிறது அத்தினியும் பூடும்." அவர் தலையாட்டிவிட்டு அலமாரியிலிருந்து டேக்கை எடுத்து சுவிட்சில் மாட்டினார். ஓடுகிற மெஷினுக்கு டேக்கு மாட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

எங்கள் ஆபீசில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால் மாமாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்த ஊரோ தெரியாத ஒரு பெண்மணியிடம், மூன்று மணி நேரமாக எண் அசையாவிட்டால் பயப்படாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், பெரும்பாலும் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று பொறுமையாக, இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நடந்ததை அத்தை பிறகுதான் சொன்னார். எண் இருபத்தேழில் நின்றுவிட்டது. மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மைன் தூசி தின்ற நெஞ்சு அது, பத்து மணிக்கே மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அத்தை கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "டேக்கு மாட்டிக்கினு எப்படிடி வுட்டுட்டு வர்றது? அந்தப் பொண்ணு போனை எடுக்கட்டும்" என்றாராம். நான் எடுக்கவில்லை. உதடு நீலம் பாரித்து அவர் சாய்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் ரயிலை விட்டிறங்கி ஓடினேன். ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை, நாளைக்கு வா என்றார்கள். மாமா வீட்டுக்குப் போனால் துணி எடுத்துப்போக வந்திருந்த அத்தை மட்டும் இருந்தார். திரையில் இருபத்தேழு. அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பவர் பட்டனுக்குக் கையை நீட்டினேன். "தொடாத. அவரு கையால மாட்டினது. அவரே வந்து எடுக்கட்டும்" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. டேக்கு தொங்குகிற வரைக்கும் ஆள் உள்ளே உயிரோடு வேலை செய்கிறான். மைன்காரர் பெண்டாட்டிக்கு அது தெரியும். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயில் ஆக்ஸிஜன் மாஸ்க். என்னைப் பார்த்ததும் கண்ணால் கேட்டார், கையைக் கொஞ்சம் தூக்கி ஆச்சா என்று விரலால் கேட்டார். நான், "நூறு வந்துடுச்சி மாமா, எல்லாம் நல்லா இருக்குது, ஞாயித்திக்கெழமை பேசலாம்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தேன். பொய் சொன்னாலும் நல்ல பொய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமையும் டியூட்டிக்குப் போகவில்லை. காலையில், போர்வையும் பிளாஸ்க்கும் எடுத்து வரச் சொல்லி அத்தை என்னிடம் சாவி கொடுத்தனுப்பினார். நான் கூடத்தில் நிற்கும்போதே கரண்ட் போனது. வட்டம் அணைந்தது. யு.பி.எஸ். எப்போதோ செத்திருந்தது. எல்லாம் போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் தானாகவே எழுந்தது. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன என்று ஒரு வரி வந்தது. அரை மணி நேரத்தில் எப்போதும் முகப்பில் இருக்கும், சிவப்புக் கவுனில் பேத்தி சிரிக்கும் படம் திரையில் வந்து நின்றது. திறந்து பார்த்தேன். ஒரு படம்கூடப் போகவில்லை. வியாழக்கிழமை காலை அந்தச் சுவிட்சை ஒரு தடவை அணைத்திருந்தால் போதும். அதை நினைத்துக்கொண்டு பிளாஸ்க்கைக் கையில் பிடித்து நிற்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மகள் வந்து சேரும் வரை உடலை வைத்திருந்து, எங்கள் பௌத்த முறைப்படி பிக்கு பஞ்சசீலம் சொல்ல, திங்கட்கிழமை அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகும் ஞாயிறு மதியம் மகள் திரையில் வருகிறாள். இனி ஓடாது என்று மிரட்டிய வீடியோ கால் எப்படியோ தட்டுத் தடுமாறி ஓடியது. இணைத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் அந்த அறிவிப்பு வரும், இப்போது செய்யட்டுமா, பிறகு செய்யட்டுமா என்று கேட்கும். பிறகு என்று அழுத்துவேன். இப்படித் தள்ளிப்போடுவது ஆபத்து என்று ஆபீசில் எல்லோருக்கும் சொல்கிறேன். இங்கே விரல் வரமாட்டேன் என்றது.

போன மாதம் அத்தை பின்னால் நின்று அதைக் கவனித்துவிட்டார். இன்னா கேக்குது அது என்றார். மறைக்க முடியவில்லை, சொன்னேன். அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதையும் சொன்னேன். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அது அன்னிக்கே அவருக்குத் தெரியும்" என்றார். "நீ போனப்புறம் மாஸ்க்கை எடுத்துட்டுச் சொன்னாரு. வேலை முடிஞ்சிருந்தா டேக்கைக் கொண்டாந்து என் கையில குடுத்திருக்கும், வெறுங்கையா வந்துச்சி பாரு. பயந்து பூட்டுது பொண்ணு, அதை ஒண்ணும் கேக்காதன்னு."

அடுத்த ஞாயிறு டிஸ்க்கோடு போனேன். எல்லாப் படத்தையும் காப்பி எடுத்தேன், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். புது யு.பி.எஸ். மாட்டினேன். பிறகு பட்டனை அழுத்திவிட்டு, மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அடிகூட நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழில் ஒரு நிமிடம் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். அப்புறம் நகர்ந்தது. மூன்று மணிக்கு நூறு வந்தது. மகள் திரையில் எப்போதையும்விடத் தெளிவாக வந்தாள்.

கால் முடிந்ததும் அத்தை, "எடு, வேலை முடிஞ்சிடுச்சே" என்றார். டேக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். அத்தையின் பக்கம் நீட்டினேன். அவர் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், மாட்டினது நானில்லை என்கிற மாதிரி. வேறு வழி தெரியாமல் திரும்பவும் சுவிட்சிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.