குளிக்க மறுத்த நீச்சல் வாத்தியார்

வாத்தியாரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, பழைய விரிப்பைச் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டித் தள்ளிவிட்டு, புதிய விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள் நர்சம்மா. ஆளைத் தூக்காமலே விரிப்பை மாற்றுகிற வேலை அது. இந்தப் பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கம் உருட்டினால், அழுக்கு வெளியே வந்துவிடும், ஆள் சலவைத் துணிமேல் கிடப்பார்.

நர்சம்மா என்பது வீட்டார் வைத்த பெயர். அவள் நர்சு இல்லை. தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். கண் மங்க ஆரம்பித்ததும் ஊசியை வைத்துவிட்டு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவள் மகள் வயதுப் பெண்கள். "இந்த வயசுல எதுக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டார்கள். "நாளைக்கு நான் படுத்தா எப்படித் திருப்பணும்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைத் திருப்பிப் போட்டாயிற்று.

விரிப்பைச் செருகிய கையில் நீலம் பாரித்திருந்தது. நேற்றுக் குளியலறையில் வாத்தியார் விட்ட அடி.

வாசலில் வாத்தியாரின் மகள் வந்து நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பாவைச் சேக்க ஹோம்ல பேசிட்டேன். நாளன்னைக்குக் காலையில வண்டி வருது."

நர்சம்மா தலையணை உறையை உதறினாள்.

"எனக்கு மட்டும் ஆசையா? உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு ஓடிட்டாங்க. உங்க கையைப் பாருங்க. டாக்டரும் சொல்றாரு, பக்கவாதம் வந்தா இந்த மாதிரி மூர்க்கம் வரும், தூக்க மாத்திரையைக் கூட்டித்தான் ஆகணும்னு. அதை வீட்டுல வச்சுச் செய்ய எனக்குத் தைரியமில்ல."

நர்சம்மா அப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தவள். கெட்டவர்கள் இல்லை, ஆள் பற்றாக்குறை. அடிக்கிற நோயாளிக்கு மாத்திரை, மாத்திரையில் மயங்கிக் கிடப்பவருக்கு நடைப்பயிற்சி எப்படிக் கொடுப்பது? வாத்தியாரின் வலது கால் இப்போதுதான் தரையை நம்பத் தொடங்கியிருக்கிறது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்து நிற்கிறார். அங்கே போனால் அந்தக் கால் அவ்வளவுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வாத்தியார் என்றால் நீச்சல் வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையேற்றியவர். வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே சொல்: "வேணாம்." சாப்பாடு வேணுமா என்றாலும் வேணாம்தான். சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பார். அதனால் அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் மரியாதை போய்விட்டது. குளியலறையில் அவர் அதையே அலறியபோதும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கும் குளிப்பாட்ட வேண்டும். ஹீட்டரைப் போட்டுவிட்டு, துண்டு, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் எடுத்து வைத்தாள். ரப்பர்ச் செருப்பை மாட்டினாள், கையுறையை மாட்டினாள், அடி வாங்கத் தயாரானாள். சக்கர நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளும்போது கரண்ட் போயிற்று. ஹீட்டருக்குள் தண்ணீர் ஏற்கெனவே சூடாகியிருந்ததால் நிறுத்தவில்லை. சன்னல் வெளிச்சத்தில் அவரை முக்காலிக்கு மாற்றி, பாதத்தில் முதல் தண்ணீரை விட்டாள்.

அவர் சும்மா இருந்தார்.

தோளில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நல்ல கையை நீட்டி, ஹீட்டர் குழாயோடு இணைந்த உலோகக் கைக்குழலை அவளிடமிருந்து வாங்கி, தன் தலையில் தானே பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. சிரிப்புதான்.

வீடே கூடிவிட்டது. மருமகன் துண்டும் கையுமாக நின்று, "மாமா ஹோம் பேரைக் கேட்டதும் திருந்திட்டாரு பாருங்க!" என்றான்.

"நீங்க ஒருத்தரு. பேசாம நில்லுங்க, கண்ணு பட்டுடப்போகுது" என்று மகள் அதட்டினாள். அவள் முகத்திலும் களை வந்திருந்தது.

மறுநாள் கரண்ட் இருந்தது. அதே முக்காலி, அதே தண்ணீர். குழலில் அவர் கை பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. "வேணாம்! வேணாம்!" குழல் ஒரு பக்கம் பறந்தது, சோப்பு டப்பா ஒரு பக்கம் பறந்தது. மகள் சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் என்னதாங்க்கா செய்யட்டும்?" என்று அழுதாள்.

நர்சம்மா அவரைத் துடைத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, குளியலறைக் கதவருகே நின்றாள். பயிற்சியில் அவளுக்கு மனதில் பதிந்த பாடம் ஒன்றே ஒன்று. நோயாளி மாறிவிட்டார் என்று சொல்வதற்கு முன், சுற்றி என்ன மாறியது என்று பார். நேற்றும் இன்றும் ஒரே சோப்பு. முழங்கை வைத்துப் பார்த்த சூடும் ஒன்றுதான். கட்டிலில் அடுப்பு வெந்நீரால் துடைக்கும்போது அவர் ஒருநாளும் கத்தியதில்லை. நேற்று இல்லாதது, இன்று இருப்பது எது?

தலைக்கு மேலே ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் தன் காலைப் பார்த்தாள். கனத்த ரப்பர். கையைப் பார்த்தாள். அதுவும் ரப்பர். வாத்தியாருக்கோ வெறுங்கால், ஈரத் தரை, வெறுங்கை, உலோகக் குழல். வீட்டார் குளிப்பதெல்லாம் மாடியில். இந்தக் குளியலறையில் வெறுங்காலோடு நிற்பவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். முன்னால் வந்து ஓடிப்போன இருவரும் இதே செருப்பு, இதே கையுறை. அப்படி மாட்டிக்கொள்ளச் சொல்லித்தான் எல்லாருக்கும் பயிற்சியே.

"ஷாக்கு!" என்றாள் உரக்க. "உங்கப்பாவுக்கு மூர்க்கமும் இல்ல, மண்ணும் இல்ல. தண்ணிக் குழாயில கரண்ட் வருது!"

"என்னக்கா சொல்றீங்க?" மகள் குழாயை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத!" நர்சம்மா போட்ட சத்தத்தில் வாத்தியாரே திடுக்கிட்டார். "தொட்டுப் பாக்குற வேலையெல்லாம் இதுல கூடாது. வெளிய வா." சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகனிடம் திரும்பினாள். "தம்பி, மெயின் சுவிட்ச் எங்க? ஈரக் கையோட போகாதீங்க, துடைச்சுட்டுப் போங்க."

மெயினை அணைத்தார்கள். வாத்தியாரை மறுபடி உள்ளே கொண்டுபோனாள். குளியலறையைக் கண்டதும் "வேணாம்" என்றார்.

"சரி, வேணாம். பாதத்துல மட்டும். புடிக்கலன்னா நீங்க இன்னொரு அடி குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

தண்ணீரை விட்டாள். அவர் சந்தேகமாகக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாக ஒரு விரலால் குழலைத் தொட்டார், எடுத்தார், மறுபடி தொட்டார். பிறகு முழுக்கையாலும் பற்றிக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மகள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் நர்சம்மா. "மொதல்ல எலக்ட்ரீஷியனக் கூப்பிடு."

எலக்ட்ரீஷியன் பிற்பகலில் வந்தார். நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, கக்கத்தில் பை. தேவையான இடத்துக்கு மட்டும் மின்சாரத்தை விட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, டெஸ்டரைக் குழாயில் வைத்தார். அதன் வயிற்றில் விளக்கு எரிந்தது.

"அடேங்கப்பா!" என்று கையை எடுத்துக்கொண்டு மெயினை அணைத்தார். ஹீட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "தண்ணியைச் சூடு பண்ற ராடு வெடிச்சிருக்கு. அதுகூடப் பரவால்ல. இங்க பாருங்க, எர்த் ஒயரு. கரண்ட் கசிஞ்சா மண்ணுக்கு இழுத்துட்டுப் போறதுக்குன்னு இருக்கறது. இதை எவனோ மாட்டாமலே டேப்பச் சுத்தி உள்ள திணிச்சிருக்கான். சரி, எர்த் இல்லன்னாலும் ஆளு மேல பாஞ்சதும் கரண்ட்டை நிறுத்துற ட்ரிப் சுவிட்ச் தானா விழுந்திருக்கணுமே. ஏன் விழல?"

மருமகன் தொண்டையைக் கனைத்தான்.

"அது... மழை நேரத்துல மேட்ச் பாக்குறப்பல்லாம் விழுந்துக்கிட்டே இருந்துச்சுங்க. அதான் அதை விட்டுட்டு நேரா ஒயரு குடுக்கச் சொல்லி..."

"நல்லா செஞ்சீங்க போங்க. நாய் குலைச்சுதுன்னு நாய் வாயைக் கட்டிட்டீங்க. அது திருடனைப் பாத்துத்தான் குலைச்சிருக்கு."

"எனக்கென்னண்ணே தெரியும்? ஸ்கோரு என்னாச்சுன்னு தவிப்பு."

"அவுட்டாக இருந்தது உங்க மாமாதான்" என்றாள் நர்சம்மா. மருமகன் முகம் போன போக்கைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நானும்தான் ரப்பரை மாட்டிக்கிட்டு, மனுஷன் கத்தக் கத்த தண்ணியை ஊத்தினேன். சரி, ஆக வேண்டியதைப் பாருங்க."

ஆக வேண்டியது நிறைய இருந்தது. பழைய ஹீட்டர் கழன்று வாசலுக்குப் போயிற்று. புதியது வந்தது. எர்த் ஒயர் முறையாக ஏறியது, அது உண்மையிலேயே மண்வரை போகிறதா என்று மீட்டர் வைத்தும் பார்த்தார். ட்ரிப் சுவிட்சை மறுபடி இணைத்து, அதிலுள்ள சின்னப் பொத்தானை மகளையே அழுத்தச் சொன்னார். டப்பென்று விழுந்தது.

"மாசம் ஒருதரம் இப்படி அழுத்திப் பாருங்கம்மா. விழுந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். அழுத்தியும் விழலன்னா என்னைக் கூப்பிடுங்க. தானா அடிக்கடி விழுந்தாலும் கூப்பிடுங்க. ஹீட்டரப் போட்டு, சூடானதும் அணைச்சுட்டுத்தான் யாரும் உள்ள போகணும்."

நர்சம்மா அதோடு விடவில்லை. கட்டிலுக்கு அடியில், காற்று மெத்தையின் மோட்டார், மின்விசிறி, விளக்கு மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் செருகியிருந்தார்கள். அதன் ஒயர் கட்டில் சக்கரத்தில் நசுங்கித் தோல் உரிந்து கிடந்தது. அதையும் இழுத்துக் காட்டினாள். எலக்ட்ரீஷியன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கட்டில் தலைமாட்டுச் சுவரில் புதிதாகப் பிளக் பாயிண்டுகளைப் பொருத்தினார்.

மறுநாள் காலை ஹீட்டர் சூடேறியதும் நர்சம்மா சுவிட்சை அணைத்தாள். வாத்தியாரை முக்காலியில் உட்காரவைத்துக் குழலை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் தலையில் ஊற்றினார், மார்பில் ஊற்றினார், எட்டிப் பார்த்த மருமகனின் இஸ்திரிச் சட்டையிலும் ஊற்றினார். "மாமா! மாமா! ஆபீசுக்குப் போகணும் மாமா!" என்று அவன் அலற, "வேணாம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தரமும் ஊற்றினார். தண்ணீர் ஆறிப்போகும்வரை வெளியே வர மறுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் இல்லத்து வண்டி வந்து நின்றது. மகள் போய், அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார், எங்கேயும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். நர்சம்மா வாத்தியாரைத் துவட்டி, சட்டை மாட்டி, கட்டிலுக்குக் கொண்டுவந்து, தன் தோளைப் பற்றிக்கொள்ளக் கொடுத்து நிறுத்தினாள். கட்டிலிலிருந்து சன்னல்வரை இருவரும் நடந்துபோனார்கள். அங்கே அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஈரத்தில் ஊறி மெத்தென்றிருந்த நகங்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள்.