சோபியக்கா வரும் வரைக்கும்

இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்துவிட்டுப் பலர் என்னைப் பிடித்துக் கேட்பீர்கள் என்று தெரியும். குத்துவிளக்கு இல்லை, தாமரை இல்லை. கண்ணாடிக்குள் வைத்ததுபோல ஒரேயொரு பூ. அச்சகத்தில் இருந்துகூட, "அண்ணை, படத்தை மாறி அனுப்பிட்டியளோ?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். மாறவில்லை. அது அப்பிள் பூ. அதைச் சுற்றியிருப்பது பனிக்கட்டி. எங்கள் அக்கா இந்த நாட்டில் வாழ்ந்த முப்பத்தெட்டு வருஷத்தையும் ஒரே படத்தில் சொல் என்றால் அதைத்தான் நான் காட்டுவேன். அவரை இழந்து முப்பத்தோராம் நாளில் ஒன்றுகூடியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அந்தப் படத்தின் கதையைச் சொல்வது என் கடமை.

அக்கா சுன்னாகத்தில் ஐந்து பேருக்கு மூத்தவராகப் பிறந்தார். கடைக்குட்டி நான். எங்களுக்குள் பதினொரு வயது வித்தியாசம் என்பதால் எனக்கு அவர் பாதி அக்கா, பாதி பொலிஸ். ஊரில் தையல் ஆசிரியையாக இருந்தவர் அத்தானுடன் அகதியாக ஜெர்மனியின் பீலெஃபெல்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பின்னாலேயே நானும் வந்து ஒட்டிக்கொண்டேன். நான்காம் வருஷம் அத்தான் மாரடைப்பில் தவறிப்போனார். பிள்ளைகள் இல்லை. "இனி ஊருக்குப் போகலாமே" என்று சொன்னவர்களுக்கு அக்கா, "அங்கை எனக்கு என்ன கிடக்கு? இஞ்சை மரங்கள் கிடக்கு" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

மரங்கள் என்றது நகருக்கு வெளியே இருந்த அப்பிள் தோட்டத்தை. வந்த அடுத்த வருஷமே அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்தின் சொந்தக்காரர் எழுபதை நெருங்கிய ஒரு ஜெர்மன்காரர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுவோம். அக்காவுக்கு மூன்று மாத வேலை அனுமதிதான் இருந்தது. அதை நீடிக்கச் சொல்லிப் போட்ட ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. தபால்காரரைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒதுங்கும் காலம் அது.

மே மாதம் இரண்டாம் கிழமை. வெயில் நன்றாக எறித்தது. தொட்டிகளில் முளைக்க வைத்திருந்த மிளகாய்க் கன்றுகளை அக்கா வெளியே கொண்டுவந்து நடப் பார்த்திருக்கிறார். பெரியவர் இரண்டு கையையும் ஆட்டித் தடுத்து, "கால்ட்டே சோபி இன்னும் வரவில்லை. அவள் பதினைந்தாம் திகதி வருவாள். வந்து போகட்டும்" என்றாராம். அக்காவிடம் அப்போது இருந்த ஜெர்மன் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கால்ட் என்றால் குளிர். சோபி என்பது ஒரு பெண்ணின் பெயர். பதினைந்தாம் திகதி என்று டெர்மினும், அதாவது சந்திப்பு நாளும், சொல்லியாயிற்று.

அன்று பின்னேரம் அகதிகள் விடுதிக்கு முகம் வெளிறிப்போய் வந்தார்.

"டேய் தம்பி, சோபி எண்டு ஒரு மனுசி வரப்போறாவாம். குளிர்ந்தவவாம். இரக்கமில்லாதவ போலக் கிடக்கு. என்ரை பெர்மிட்டைப் பாக்கத்தான் வாறா."

நான் என்ன கண்டேன்? எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தான் எல்லாக் கடிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திகதிப்படி அடுக்கினார். அக்கா உருளைக்கிழங்கும் லீக்ஸும் வைத்து மரக்கறி ரோல்ஸ் பொரித்தார். "ஒபிசர்மாருக்குப் பசி இருந்தால் கோபம் கூடும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. பதினைந்தாம் திகதி விடியவே கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்து, அதற்கு மேல் அத்தானின் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ரோல்ஸ் தட்டும் மறு கையில் பையுமாகத் தோட்டத்துக் கேற்றடியில் போய் நின்றார். நானும் துணைக்குப் போனேன். அப்படிக் குளிர் அது. புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது.

பெரியவர் வந்தார். யாருக்காக நிற்கிறாய் என்று கேட்டார்.

"சோபிக்கு" என்றார் அக்கா.

பெரியவர் குனிந்து எங்கள் காலடியைக் காட்டி, மெதுவாக, எங்களுக்கும் விளங்கும்படியாகச் சொன்னார்: "அவள் வந்துவிட்டாள். நீ அவள் மேல்தான் நிற்கிறாய்."

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரும் மனைவியும் கையாலும் வாயாலும் விளக்கினார்கள். மே மாதத்தில் ஐந்து நாட்களுக்கு ஐந்து புனிதர்களின் பெயர் இருக்கிறதாம். குளிர்காலத்தின் கடைசி உறைபனி அவர்களோடு வந்து போகுமாம். ஐவரில் கடைசியாக வருபவள் சோபி. அவள் போகும் வரைக்கும் பிஞ்சுச் செடி எதையும் வெளியே வைக்கக் கூடாது. அந்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று அழுகை வந்தது. ரோல்ஸ் முழுவதையும் நான்கு பேருமாகச் சாப்பிட்டோம். அடுத்த மாதம் அனுமதி நீடித்து வந்தது. அது சோபி தந்தது என்று அக்கா கடைசிவரை நம்பினார். தன்னை விட மூத்தவவாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, அன்றிலிருந்து 'சோபியக்கா' ஆக்கிவிட்டார். ஒவ்வொரு மே பதினைந்துக்கும் தோட்டத்துக்கு ஒரு தட்டு ரோல்ஸ் போகும். கோயில் திருவிழாவை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்.

பெரியவரும் மனைவியும் காலமானார்கள். தோட்டம் மகள் உல்ரிக்கேயிடம் வந்தது. அக்கா ஓய்வு எடுக்கும் வயது வந்தும் எடுக்கவில்லை. மரத்துக்கு மரம் நின்று கதைப்பார். என்னிடம் கதைத்ததைவிட அதிகம் என்று நான் நக்கல் அடிப்பேன்.

ஆனால் அந்த மரங்களில் ஏதோ மாறிக்கொண்டு வந்ததை முதலில் கண்டவர் அவர்தான். எங்கள் வீட்டுச் சுவரில் இராகுகாலம் போட்ட நாட்கலண்டர் தொங்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் அப்பிள் பூ விரிந்த நாளின் தாளைக் கிழித்து, அதற்குள் ஓர் இதழை வைத்து மடித்து வைப்பார். ஆரம்ப காலத்தில் சித்திரை வருஷப் பிறப்புக்கு நாங்கள் பொங்கும்போது மொட்டெல்லாம் இறுக மூடிக் கிடக்கும். பிறகு பிறகு, வருஷப் பிறப்புக்கு மொட்டுச் சிவக்கத் தொடங்கியது. கடைசி வருஷங்களில் பொங்கல் பானை பொங்கும் முன்னமே மரத்தில் முதல் பூ விரிந்திருந்தது.

நான் முப்பது வருஷமாக உறைந்த உணவுக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன். குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது என் எண்ணம். அதனால் சண்டைக்குப் போவேன்.

"உலகம் சூடாகுதெண்டு ரீவியிலை கத்துறாங்கள். நீங்கள் என்னடாவெண்டால் குளிர் குளிர் எண்டு பயப்பிடுறியள். என்ரை காதிலை பூ வைக்காதேங்கோ அக்கா."

"மரம் ஏமாறுதடா தம்பி. மாசி வெயிலைக் கண்டிட்டு வசந்தம் வந்திட்டுதெண்டு எழும்பி நிக்குது. குளிர் தன்ரை பழைய திகதிக்குத்தான் வருது. முந்தி அது வரேக்கை மொட்டு நித்திரை. இப்ப வரேக்கை பூ வாயைத் திறந்துகொண்டு நிக்குது."

சூடு கூடக் கூடக் குளிருக்குப் பலம் கூடுகிறது என்ற அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்கு ஒரு மலைப்புத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஏப்ரல் மாதம் ஒரே உறைபனியில் தோட்டம் முழுவதும் போனது. வெளியில் பார்த்தால் பூவெல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன. அக்கா ஒரு பூவை எடுத்துப் பெருவிரல் நகத்தால் பிளந்து காட்டினார். நடுவில் ஊசி முனையளவு கறுப்பு. அந்தக் கறுப்புத்தான் வராமல் போன அப்பிள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உல்ரிக்கே சொன்னதை அக்கா வந்து எனக்குச் சொன்னார்: இன்னொரு வசந்தம் இப்படிப் போனால் மரங்களைத் தறித்துவிட்டு நிலத்தைக் கைவிடுவாராம். அந்த மாதம்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்றும் தெரிந்தது. இரண்டு செய்தியில் எதற்கு அவர் அதிகம் கலங்கினார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அடுத்து வந்த குளிர்காலம் முழுவதும், ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்திருந்த நிலையிலும், ஒரே பேச்சு. பெரியவர் காலத்துத் தண்ணீர்க் குழாய்கள் கொட்டிலில் கிடக்கின்றன, குளத்தில் பம்ப் வைத்து மரத்துக்கு மேலால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றார்.

"உறைபனிக்கை தண்ணி தெளிக்கிறதோ? பூவெல்லாம் ஐஸாப் போகும்" என்றேன்.

"போகட்டும். அதுதான் வேணும்."

மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். என்னுடைய முப்பது வருஷக் குளிர் அனுபவத்தை வைத்து அப்படி நினைத்ததற்கு இங்கே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

சென்ற வருஷம் ஏப்ரல் கடைசியில் அந்த நாள் வந்தது. மரங்கள் முழுப் பூவில். இரவு பூச்சியத்துக்குக் கீழே நாலு பாகை என்று அறிவித்தார்கள். உல்ரிக்கே, அக்கா சொன்னபடி பூட்டியிருந்த பம்பைப் போட்டுவிட்டு அக்காவுக்குச் செய்தி அனுப்பினார். விடியப் புறமாக அக்கா என்னை எழுப்பி, "காரை எடு" என்றார். ஏலாது என்றேன். டொக்டர் பேசுவார் என்றேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். எடுத்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. நான் கண்டதை எப்படி எழுதுவது என்று இன்றும் தெரியவில்லை. தோட்டம் முழுவதும் கண்ணாடியாகி நின்றது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கண்ணாடி உறை. ஒவ்வொரு பூவும் பனிக்கட்டிக்குள் விரிந்தபடி, இதழ் கசங்காமல், மகரந்தத் தூள்கூட எண்ணும்படியாகத் தெரிந்தது. தண்ணீர் சுழன்று சுழன்று விழ, விழுந்த இடத்திலேயே உறைந்தது. சூரியன் வரம்புக்கு மேலே வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டதுபோல ஒளிர்ந்தது. என்னை அறியாமலே கைகூப்பினேன். கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

தண்ணீர் உறையும்போது கொஞ்சம் சூட்டை விடும். அந்தச் சூடு பூவைக் காக்கும். உறைவது நடந்துகொண்டே இருக்கும் வரைக்கும் உள்ளே இருக்கும் பூ சாகாது. இதைக் களஞ்சியத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. குளிருக்குள் பூவை வைத்துக் குளிரிடமிருந்தே காப்பாற்றுவது என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் அங்கங்கே கிளை முறியும் சத்தம் கேட்டது. உல்ரிக்கேயின் கை பம்ப் விசையில் இருந்தது. நானும் என் பங்குக்கு, "வெயில் வந்திட்டுது, காணும், நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன்.

அக்கா காருக்குள் இருந்து போர்வையோடு இறங்கி வந்தார். அந்தச் சத்தம் அவருக்குள் எங்கே இருந்ததோ தெரியாது.

"நிப்பாட்டாதேங்கோ! தானா உருகி விழும் வரைக்கும் நிப்பாட்டக் கூடாது. இப்ப விட்டால் ஈரம் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிப்போடும்." பிறகு அதையே ஜெர்மனில் சொன்னார். உல்ரிக்கே விசையிலிருந்து கையை எடுத்தார்.

இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். பத்து மணியளவில் பனிக்கட்டி துண்டு துண்டாகக் கழன்று புல்லில் விழத் தொடங்கியது. அக்கா ஒரு பூவைப் பறித்தார். நகத்தால் பிளந்தார். பிறகு அதை உல்ரிக்கேயிடம் நீட்டினார்.

நடுவில் பச்சை.

அட்டையில் இருப்பது அன்று காலை நான் எடுத்த படம். மரங்கள் தறிபடவில்லை. புரட்டாசியில் அந்த மரங்களின் முதல் அப்பிளை அக்காவுக்கு நான் சீவிக் கொடுத்தேன். இரண்டு துண்டுதான் சாப்பிட முடிந்தது. "கொஞ்சம் புளிப்பு" என்று குறையும் சொன்னார்.

இவ்வருஷம் மரங்கள் வருஷப் பிறப்புக்கு முன்னமே பூத்துவிட்டன. அக்கா அப்போது ஆஸ்பத்திரியில். வருஷப் பிறப்பு அன்று பின்னேரம் கண்ணைத் திறந்து, "சோபியக்கா வந்திட்டாவோ?" என்றார். நினைவு தடுமாறுகிறது என்று எண்ணி, "ஓம் அக்கா, வந்திட்டா" என்றேன்.

"பொய் சொல்லாதை. இன்னும் ஒரு மாசம் கிடக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உல்ரிக்கேட்டைச் சொல்லு. உருகும் வரைக்கும் நிப்பாட்ட வேண்டாமெண்டு."

அடுத்த நாள் காலை அமைதியாகப் போய்விட்டார். ஈமக்கிரியை நடந்த கிழமையில் இரண்டு நாள் உறைபனி இறங்கியது. உல்ரிக்கே இரண்டு நாளும் பம்பை நிறுத்தவில்லை. சேற்றுச் சப்பாத்தோடு நேரே மயானத்துக்கு வந்து, என் உள்ளங்கையில் பிளந்த ஒரு பூவை வைத்தார். பார்த்தவர்கள் ஏதோ ஜெர்மன் வழக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

அலுமாரியைத் திறந்தபோது அந்தப் பழைய பிளாஸ்டிக் பை இருந்தது. மேலே அத்தான் அடுக்கிய கடிதங்கள். அடியில் கலண்டர்த் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இதழ். வைகாசியில் தொடங்கிச் சித்திரைக்கும், அங்கிருந்து பங்குனிப் பக்கமும் நகர்ந்துகொண்டு போகின்றன. ஒரு காலநிலை முழுவதும் நகர்ந்ததை என் அக்கா ஒரு பைக்குள் மடித்து வைத்திருந்தார்.

நோயுற்ற காலத்தில் கண்ணை இமை காப்பதுபோலப் பார்த்த தாதியருக்கும் மருத்துவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்தித்தந்த ஐயருக்கும், நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்ன எல்லோருக்கும், உல்ரிக்கேக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி பாக்கி. ஐயர் நாள் பார்த்துச் சொன்ன முப்பத்தோராம் நாள் மே பதினைந்தில் விழுந்திருக்கிறது. இதை நான் ஜன்னலைத் திறந்துவைத்து எழுதுகிறேன், அவ்வளவு சூடு. அவ இந்த முறை வரமாட்டா போலிருக்கிறது. ஆனாலும் இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்கு முன், விடியவே, படையலுக்குப் பொரித்த ரோல்ஸில் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு, அந்தப் பையோடு, அக்கா பயந்துகொண்டு நின்ற அதே கேற்றடியில் நான் நின்றிருப்பேன். சோபியக்கா வந்தாவென்றால் சொல்வேன்: "அக்கா வெளிக்கிட்டிட்டா. நீங்கள் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."