வெயில் காட்டக் கூடாத மண்

கறுப்புப் பாலிதீன் தாளில் சுற்றி, அதன் மேல் டேப்பை வரிந்து வரிந்து ஒட்டிய ஒரு முழ நீள இரும்புக் குழாய். என் லோடு ஆட்டோவின் முன்சீட்டில் எனக்கும் புரொபசர் அம்மாவுக்கும் நடுவே கைப்பிள்ளையைப் போலக் கிடந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். மண் என்றார். மண்ணுக்கு எதற்கு இத்தனை மூடாக்கு? வெயில் பட்டால் கெட்டுப்போகுமாம். எத்தனையோ லோடு மண் அடித்தவன் நான்; வெயில் பட்டுக் கெட்டுப்போகிற மண்ணை அன்றுவரை கேள்விப்பட்டதில்லை. நம்மைக் கேனையன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மண்ணியல் நடத்துபவர். கடற்கரை ஊர்க்காரர். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் குளம் வற்றிக் கிடந்த வைகாசியில், அதன் நடுவே ஆள் உயரத்துக்குக் குழி தோண்ட அனுமதி வாங்கி வந்திருந்தார். சாமான்கள் ஏற்றி இறக்க என் வண்டியை வாடகைக்குப் பிடித்திருந்தார். எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆள் வந்து குழி தோண்டினால், அடுத்து லாரிதான் வரும். இவர் மணல் கடத்துகிற ஆட்களுக்கு வேவு பார்க்க வந்தவர் என்று தெரிந்தால், கூட்டிவந்தவன் என்று ஊர் என்னைத்தான் பிய்த்து எடுக்கும். அதனால் வேலை முடிகிறவரை அவர் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

குழியின் சுவரைப் புரொபசர் அம்மா கொத்துக்கரண்டியால் மழுமழுவென்று சீவினார். மேலே வண்டல், அதற்குக் கீழே கன்னங்கரேலென்று களி, அடியில் வெள்ளை மணல். களி என்றால் வருடக்கணக்காகத் தண்ணீர் நின்றிருக்கிறது என்று பொருளாம். கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூள் அதில் புதைந்திருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் காலத்தில் சுற்றிலும் என்ன விளைந்தது என்று சொல்லிவிடலாமாம். அடியில் உள்ள மணல், மழை பொய்த்த காலத்தில் காற்று கொண்டுவந்து கொட்டியது. மூடுண்ட மணல், சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஏதோ ஒரு சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்குமாம். அதை அளந்தால், கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்குப் போடலாம். ஒரு தரம் வெயில் பட்டால் எல்லாம் அழிந்துவிடும். அதற்காகத்தான் கறுப்புத் துணிக்குள் புகுந்துகொண்டு குழாயை அடித்து இறக்கினாராம். துணிக்குள் ஒளிந்து செய்கிற வேலை நல்ல வேலையாக இருக்குமா? “இந்தக் களிதான் குளத்துக்கு அடி. இதுல கை வச்சா தண்ணி நிக்காது” என்று போகிற போக்கில் சொன்னதைக்கூட, பேச்சை மாற்றுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கரையில் வண்டியை மறித்தார் என் பெரியப்பா. குளத்துப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர். வீட்டில் காய்ச்சிய பாலையே முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவர்.

“ஏலே, நிறுத்து. அந்தக் குழாயில என்ன கொண்டு போறாவ?”

“மண்ணாம் பெரியப்பா.”

“மண்ணுக்கு எதுக்குலே முக்காடு?”

எங்கள் ஊரில் குளத்து வழக்கு எதுவானாலும் மடையடிச் சாஸ்தா முன்னால் தீர்ந்துவிடும். கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் போதும். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கக் கூடாது. அதைச் செய்யச் சொன்னார் பெரியப்பா. புரொபசர் அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“நான் வேதக்காரி அண்ணாச்சி, சர்ச்சுக்குப் போறவ. ஆனா அதுக்காகச் சொல்லல. சத்தியம் பண்ணி நம்ப வைக்கது என் வேலையில்ல. வேணும்னா திறந்து காட்டுதேன். காட்டினா பெறகு இது ஒண்ணுக்கும் உதவாது. நாளைக்குக் கார் நெல்லு சாகுபடிக்குக் குளத்துல தண்ணி விடுதாவ. குழி முங்கிரும், இன்னொண்ணு எடுக்க முடியாது.”

“காட்டுங்க, பாப்போம்.”

உச்சி வெயிலில் குழாயைத் திறந்து கவிழ்த்தார். பெரியப்பா கிள்ளி எடுத்து முகர்ந்தார். நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். வெறும் மணல். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்போதும் எனக்கு மனம் இளகவில்லை. அசல் சரக்கு அவர் தோளில் தொங்கிய பைக்குள் இருக்கும், இல்லாவிட்டால் சத்தியம் செய்ய என்ன தயக்கம் என்றுதான் நினைத்தேன். ஊரும் அதைத்தான் பேசியது.

அடுத்த மாசியில், வயலுக்கு வண்டல் அள்ளித் தருகிறேன் என்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். சிரித்த முகம், நெற்றி நிறையத் திருநீறு. மறைப்பதற்கு ஒரு துணிகூடக் கொண்டுவரவில்லை. பெரியப்பா கற்பூரத்தைக் கொளுத்தி முடிக்கும் முன்பே கையை நீட்டினார். “வண்டலுக்குக் கீழ ஒரு சட்டி மண்ணு அள்ளினாலும் சாஸ்தா என்னக் கேக்கட்டும்!” படாரென்று அணைத்தார். அவ்வளவுதான், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டோம். பாலை முகர்ந்து குடிக்கிற பெரியப்பா கரைப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் விழித்துக்கொண்டபோது களியெல்லாம் செங்கல் சூளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. குளம் பெருகியது. பிசானப் பருவத்துக்கு நெல் நட்டோம். தண்ணீர் நிற்கவில்லை, எங்கே போனது என்றே தெரியாமல் அடியில் இறங்கிவிட்டது. பயிர் நின்ற நிலையிலேயே காய்ந்தது. சென்ற வாரம் பெரியப்பாவும் நானும் வெறும் குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது புரொபசர் அம்மா போனில் வந்தார். வரும் கோடையில் மறுபடி வரலாமா என்று கேட்டார். பெரியப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“குளம் பெருகிச்சா அண்ணாச்சி?”

“பெருகிச்சு தாயி. நிக்கல. சத்தியம் பண்ணினவன் களிய அள்ளிட்டுப் போயிட்டான்.”

“காலுக்கடியில வெள்ள மணல் தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியுது.”

“அது பஞ்ச காலத்துத் தரை அண்ணாச்சி. களியெல்லாம் அதுக்குப் பெறகு படிஞ்சது.”

பெரியப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் கெஞ்சியது.

“மறுபடியும் படிய எவ்வளவு காலம் ஆகும் தாயி?”

“அதத் தெரிஞ்சுக்கத்தான் அண்ணாச்சி நான் அன்னைக்கு வந்தேன்.”