பிரகாசம் கொடுத்துவிட்டுப் போன கவர்

நவரைப் பட்டத்து நெல்லுக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதி கழனியில் டிராக்டரின் ஹைட்ராலிக் மக்கர் செய்தது. பின்னால் மாட்டியிருந்த ரொட்டவேட்டர் மேலே எழாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டது. வரப்பில் நின்றபடி, வழக்கம்போல மெக்கானிக் பிரகாசத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி ஸ்டெல்லா.

"அவரு பூட்டாரு வாத்தியாரே. நேத்துதான் ராய்ச்சூர்லேருந்து வந்தாரு. காலைல நாஷ்டா துன்னுட்டு, சட்டைய மாட்டிக்கினு வண்டிய எடுக்கப் போனாரு. அப்பிடியே வாசல்ல சாஞ்சுட்டாரு. சேதி தெரிஞ்சிதான் பண்றீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி இந்த டிராக்டரை யார் பார்ப்பார்கள் என்பதுதான். எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதைவிடக் கூச வேண்டிய ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்கள் பலர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தீர்கள். கூடப் படித்தவன், பள்ளி ஆசிரியன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். ஊர் ஊராகப் பறந்து திரிந்த மனிதர், யாருக்கும் கட்டுப்படாதவர் என்றெல்லாம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அன்று நான் விட்டுவிட்டதை இப்போது சொல்கிறேன்.

பிரகாசமும் நானும் ஒரே வகுப்பு. அவர் அப்பா எங்கள் குடும்பத்துக் கழனியில் படியாள். அம்மா எங்களிடம் நடவுக்கு வருவார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம் என்று மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் நான் அவரை வாடா போடா என்றேன், அவர் என்னை வாங்க போங்க என்றார். ஐம்பத்தெட்டு வயதிலும் அது மாறவில்லை. எனக்கு அது உறுத்தவும் இல்லை.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை போடச் சொல்லி அவரிடம் சொல்லாதவர்கள் கிடையாது. நானும் சொன்னேன். சாமான் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டே சிரித்தார். "கடைய போட்டுட்டு ஷட்டருக்குக் காவல் இருக்கச் சொல்றீங்களா? எங்க நைனா உங்க கயனிய வுட்டு ஒரு நாளு வெளிய போனதில்ல. திருப்புலிவனத்தத் தாண்டினதில்ல அந்தாளு. அவரு பாக்காததயும் சேத்து நாந்தான் பாக்கணும்" என்றார். நெல் அறுக்கும் வண்டிகளோடு நெல்லூர், ராய்ச்சூர், பாலக்காடு என்று போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்தால் எந்த ஊரில் என்ன சாப்பாடு, எந்த ஊரில் பாயை உதறிப் போடுகிறார்கள், எந்த ஊரில் வாசலோடு நிறுத்துகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

எல்லா வேலைக்கும் அவர் கை வைத்துவிட மாட்டார். வாலாஜாபாத் பக்கம் ஒரு பெரிய மனிதர், ஷெட்டில் அழகுக்கு நிறுத்தியிருந்த பழைய ஜீப்பை ஓட வைக்கக் கூப்பிட்டார். "ஓடி எங்க போகப் போவுது?" என்று கேட்டுவிட்டுப் பிரகாசம் திரும்பி வந்துவிட்டார். அந்த மனிதர் என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டார். அதே வாரம், இளநீர் விற்கிறவரின் தண்ணீர் புகுந்த பழைய ஆட்டோவுக்காக இவர் இரண்டு பகல் மண்ணில் படுத்துக் கிடந்தார். "இத்த நம்பி ஒரு வூடு கீது வாத்தியாரே" என்றார். அப்போது அது எனக்குக் கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வந்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் ஒருவர், கூடவே போகத் தனியாளாக ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடினாராம். "பொம்பளைங்க கொடத்த தூக்கிக்கினு மைல் கணக்குல நடக்கறாங்களாம். நா ஓட்ற மெஷினு போட்ட ஓட்டையில தண்ணி வர்றத நின்னு பாக்கணும் வாத்தியாரே. இத்தினி நாளு கத்துக்கினதெல்லாம் அதுக்குத்தான்னு தோணுது."

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். அக்கம்பக்கத்தில் தன்னைத் தெரிந்தவர் என்று என் பெயரை எழுதியிருந்தார். போலீஸ் விசாரணைக்கு வரும்போது தான் நெல்லூரில் இருக்கக்கூடும் என்று அவர்களிடம் காட்டச் சொல்லி ஒரு பழுப்புக் கவரை என்னிடம் கொடுத்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், விண்ணப்பத்தின் நகல், நான்கு போட்டோ. "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார்.

அந்த வருஷம்தான் நானும் என் தம்பியும் சேர்ந்து அறுப்பு வண்டி வாங்கியிருந்தோம். பழைய வண்டி. பிரகாசம் இருக்கிறார் என்ற தைரியத்தில் வாங்கியது. இன்னும் ஒரு மாதத்தில் அறுவடை. அவர் கப்பல் ஏறினால் எங்கள் வண்டி ஷெட்டை விட்டு நகராது.

விசாரணைக்கு வந்த ஏட்டு, பள்ளி வராந்தாவில் வைத்து என்னைக் கேட்டார். "இந்த ஆளு இதே அட்ரஸ்லதான் தொடர்ந்து இருக்காரா சார்?"

"அவனா? மாசத்துல பாதி நாள் ஊர்லயே இருக்க மாட்டான். எங்க போறான், எப்ப வருவான்னு யாருக்கும் தெரியாது" என்றேன். ஏட்டு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனாலேயே பல வருஷம் என்னால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. கவர் என் மேசை டிராயரில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவே இல்லை.

விண்ணப்பம் நின்றுபோனது. மறுபடி போட்டுப் பார்ப்பதற்குள் வேறொரு ஆள் கிளம்பிவிட்டார். பிரகாசம் வந்து கேட்டார். "இன்னா வாத்தியாரே, ஏட்டு வந்தாராமே?"

"நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்டா. அவங்க கேக்கல."

"அந்தக் கவரு?"

"அவங்க வாங்கிக்கினு போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "உங்க வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனார். அந்த அறுவடை முழுக்க எங்கள் வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒரு முறை, வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "மெஷினு பரவால்ல வாத்தியாரே. எங்க கெட்டுக்கீதோ அங்கியே சத்தம் போட்டுக் காட்டிக்குது."

அவர் இறந்த அன்று மதியம், பேனர் அடிக்க ஒரு படம் வேண்டும் என்று ஸ்டெல்லா தேடிக்கொண்டிருந்தார். போனில் இருந்த படங்களில் எல்லாம் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் அவர் கால்கள்தான் தெரிந்தன. நான் வீட்டுக்குப் போய் அந்தக் கவரை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் படம் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காகத்தானா, இல்லை இனி கேட்க அவர் இல்லை என்ற தைரியத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்டெல்லா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஜெராக்ஸ், நகல், நான்கு போட்டோ.

"இத்த போலீஸ் எடுத்துக்கினு பூட்டாங்கன்னு இல்ல சொன்னாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெள்ள சட்ட. இந்தப் படம் புடிக்கறதுக்குன்னே காஞ்சிபுரத்துக்குப் போயி வந்தாரு" என்றார். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு மீதி மூன்றையும் கவரில் போட்டு என் கையில் வைத்தார். "இத்தினி நாளு வச்சிருந்தீங்க. நீங்களே வச்சிக்கங்க வாத்தியாரே."

தெருமுனை பேனரில் நீங்கள் எல்லோரும் பார்த்து, எவ்வளவு களையான முகம் என்று சொன்னது அந்தப் படத்தைத்தான். மற்ற மூன்றும் என்னிடம் இருக்கின்றன. தலையை நன்றாக வாரி, சட்டையின் மேல் பித்தான்வரை போட்டு, கிளம்புவதற்குத் தயாராக நேரே பார்க்கிறார் பிரகாசம். போக விடாமல் இன்னும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.